மரம் – மொட்டை எடுக்க

“சார், அந்த மரம் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?”

மதில்மேல் இரு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு பக்கத்து வீட்டு இலக்கண டீச்சர் இப்படிக் கேட்டபோது, ஹெட்கிளார்க் ஏணியின் மூன்றாம் படியில் நின்றபடி தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டிருந்தார். கையில் ரம்பம், சட்டை முழுக்க மரத்தூள். காலையில் காபி குடித்த கையோடு ஆரம்பித்தவர், சாயங்காலம் நாலு மணிக்குத்தான் அறுப்பதை நிறுத்தியிருந்தார்.

கொல்லை நடுவே நின்ற பேரிக்காய் மரத்தில் இப்போது அடிமரமும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கிளைகளும்தான் மிச்சம். யாரோ துப்பாக்கியைக் காட்டியதும் இரண்டு கையையும் தூக்கிவிட்ட ஆள் மாதிரி அது நின்றது. குளிர் போய் வெயில் தலைகாட்டும் காலம். வெட்டிப் போட்ட கிளைகள் அத்தனையிலும் கணுவுக்குக் கணு மொட்டு கட்டியிருந்தது.

“கெடுதலா? அதெல்லாம் ஒன்னும் இல்ல டீச்சர். மேலிடத்து உத்தரவு.”

மேலிடம் என்றால் அவர் மனைவி. தங்கை காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று ஒரு வாரம் முன்புதான் வெளியூர் புறப்பட்டுப் போயிருந்தாள். அங்கிருந்து முந்தின நாள் தொலைபேசியில் வந்த உத்தரவைத்தான் ஹெட்கிளார்க் இன்று நிறைவேற்றி முடித்திருந்தார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. ஆனால் பால்காரர் முதல் தபால்காரர் வரை தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் ஹெட்கிளார்க்தான். அவருக்கும் பழக்கம் போகவில்லை. மனைவி என்ன சொன்னாலும் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, தேதி போட்டு, வரிசை எண் போட்டு, ஒரு வரியில் குறித்துக்கொள்வார். செய்து முடித்ததும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்.

இந்த டிக்குக்காக அவர் இருபத்தொன்பது வருடம் காத்திருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். தோட்டம் முழுக்க முழுக்க மனைவியுடைய ராஜ்ஜியம். எந்த மாதம் எதை விதைப்பது, எதற்கு எப்போது உரம் வைப்பது எல்லாம் அவளுக்கு விரல்நுனியில். கல்யாணமான ஐந்தாவது வருடம் அவள் இவரை நம்பி, கேரட் பாத்தியில் களையெடுக்கச் சொன்னாள். இவர் வரிசை பிசகாமல் அத்தனை கேரட் நாற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, களைக்குப் பாங்காகத் தண்ணீர் ஊற்றினார். அவள் வந்து பார்த்தாள். திட்டவில்லை, கத்தவில்லை. “சரி, விடுங்க” என்றாள். இவர் கையிலிருந்த களைக்கொத்தியை வாங்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து தோட்டத்தில் இவருக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம், அவள் சொல்லும் இடத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

“உத்தரவா? இந்த மாதிரி பண்ணச் சொல்லியா உத்தரவு?” டீச்சர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். “எங்க, காட்டுங்க பாப்போம்.”

ஹெட்கிளார்க் பெருமையோடு நோட்டை மதில்மேல் நீட்டினார். அதில் முத்து முத்தாக எழுதியிருந்தது:

‘வ. எண் 7. மரம் – மொட்டை எடுக்க. ஒன்று இரண்டு விடலாம். அவசரம்.’

டீச்சர் அதை ஒரு முறை படித்தார். கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் இன்னொரு முறை படித்தார். முப்பது வருடம் பிள்ளைகளின் தேர்வுத் தாளைத் திருத்தியவர்; தப்பு எங்கே இருக்கிறது என்பது அவர் மூக்குக்கே தெரியும்.

“சார், மொட்டைன்னா என்ன?”

“மொட்டைன்னா மொட்டைதான் டீச்சர். வழுக்கை மாதிரி. வழுக்கை தானா வரும், இது நாமளாப் பண்றது.”

“அது தனிச் சொல். இங்க இருக்கறது அது இல்ல. மொட்டு கூட்டல் ஐ, மொட்டை. இரண்டாம் வேற்றுமை. எதை எடுக்கணும்? மொட்டை எடுக்கணும். பூக்கறதுக்கு முன்னாடி மொட்டுகளக் கிள்ளி எடுக்கச் சொல்லியிருக்காங்க சார்! கொத்துக்கு ஒன்னு ரெண்டு விட்டுட்டு மீதியக் கிள்ளிட்டா, காய் கொஞ்சமா வரும், ஆனா பெருசா வரும். உங்க வீட்டு மரம் என்ன காய்ச்சுது இத்தன வருஷமா? எலுமிச்சம்பழம் அளவுல, கல்லு மாதிரி! அதுக்காகத்தான் சொல்லியிருக்காங்க.”

ஹெட்கிளார்க் ஏணியிலிருந்து இறங்கினார். மூன்று படிதான். ஆனால் இறங்குவதற்கு நெடுநேரம் ஆனது.

“அவ ‘மொட்ட’ன்னுதான் சொன்னா டீச்சர். என் காதுல நல்லா விழுந்துச்சு.”

“பேசறப்ப ரெண்டுமே மொட்டதான். மரத்த மொட்ட எடுங்கன்னாங்களா, மரத்துல மொட்ட எடுங்கன்னாங்களா? அதச் சொல்லுங்க.”

அதுதான் தெரியவில்லை. போனில் ஒரே இரைச்சல். அவர் எழுதியது ‘மரம்’, அதன் பின்னால் ஒரு சின்னக் கோடு. கோப்புகளில் குறிப்பெழுதி எழுதி, முப்பத்தாறு வருடம் வேற்றுமை உருபுகளை மிச்சம் பிடித்த கை அது. இடம் மிச்சம், மை மிச்சம் என்று மேலதிகாரிகள் பாராட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டையெல்லாம் இப்போது யாராவது திரும்ப வாங்கிக்கொண்டால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

“உருபு முக்கியம் சார்,” என்றார் டீச்சர், கொஞ்சம் இரக்கத்தோடு. “ஒரு ‘ஐ’, ஒரு ‘இல்’. அது இல்லாம இப்ப ஒரு மரமே போச்சு.”

அந்த நேரம் பார்த்து உள்ளே தொலைபேசி அடித்தது.

ஹெட்கிளார்க் ஓடினார். உண்மையைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் எடுத்தார்.

“என்னங்க, மொட்ட எடுத்தாச்சா?” என்றாள் மனைவி.

“எடுத்தாச்சு. ஆனா ஒரு சந்தேகம், நீ சொன்னது...”

“எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?”

“ஒன்னு ரெண்டு விட்டுட்டு.”

அவள் குரல் வேறு மாதிரி வந்தது. அவ்வளவு மெதுவாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை.

“நீங்களேவா செஞ்சீங்க? ஆள் கீள் வைக்காம?”

“நானேதான்.”

“அடடே. பரவாயில்லையே! நீங்க செய்வீங்களான்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இந்த வயசுல கை வலிச்சிருக்குமே. தைலம் தேச்சுக்குங்க. ஆமா, என்னமோ சந்தேகம்னீங்களே?”

“ஒன்னும் இல்லம்மா. எப்ப வர்ற?”

“இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு.”

போனை வைத்துவிட்டு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பத்து நாலு வருடத்தில் கிடைத்த முதல் ‘பரவாயில்லையே’. அதுவும் பொய்க் கணக்கில் வந்தது. அடுத்த ஞாயிறு அவள் கொல்லைக் கதவைத் திறப்பாள். மரத்தைப் பார்ப்பாள். “சரி, விடுங்க” என்பாள். அதை இன்னொரு தடவை கேட்க அவரால் முடியாது. மொத்தம் பதின்மூன்று நாள் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர் பரண்மேல் ஏறி ஒரு பெட்டியை இறக்கினார். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் நினைவுப் பரிசாகக் கொடுத்தது. பெட்டி நிறையக் கோப்பு கட்டும் நாடா. கிழிந்த கோப்பை ஒட்ட வைத்தவருக்குக் கிளையை ஒட்ட வைக்கத் தெரியாதா? குவியலிலிருந்து ஒவ்வொரு கிளையாக இழுத்து, வெட்டுவாயோடு வெட்டுவாய் வைத்துப் பார்த்து, பொருந்தியதற்கெல்லாம் சுண்ணக்கட்டியால் எண் போட்டு, நாடாவால் இறுக்கிக் கட்டினார். மத்தியானத்துக்குள் பதினாலு கிளை அதனதன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் மரம் மாதிரியே இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகவே இருந்தது.

“சார், இது உயிர் பிடிக்காது,” என்றார் டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“பிடிக்கும் டீச்சர். நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கேன்.”

மூன்று நாள் நின்றது. மொட்டுகள் முதலில் சுருங்கின, பிறகு கறுத்தன. நாலாம் நாள் மதியம் காற்று ஒரு வீசு வீசியது. ஏழு கிளைகள் நாடாவோடு கிளம்பி, மதிலைத் தாண்டி, டீச்சர் தக்காளி நாற்றுக்குப் போட்டிருந்த கண்ணாடி மூடியின்மேல் போய் இறங்கின. ஹெட்கிளார்க் மதில்மேல் எட்டிப் பார்த்தபோது, டீச்சர் உடைந்த கண்ணாடிக்கு நடுவே ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அதில் ‘9’ என்று எழுதியிருந்தது.

“இத நான் என்ன தொகைன்னு சொல்றது சார்?”

“மன்னிச்சுக்குங்க டீச்சர். கண்ணாடி நான் மாத்திக் குடுத்துடறேன்.”

“கண்ணாடி கிடக்குது. முதல்ல நீங்க போய் யாராவது விவரம் தெரிஞ்சவங்களக் கேளுங்க.”

விவரம் தெரிந்தவர் என்று அவருக்குத் தெரிந்தது உரக்கடைக்காரர்தான். கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று, மரம் யாருடையது என்று சொல்லாமல், ‘ஒருத்தருக்கு’ நடந்ததாகச் சொல்லி யோசனை கேட்டார்.

“மரம் சாகலல்ல? அப்பக் கவலைய விடுங்க சார். மாசத்துக்கு ரெண்டு கை இந்த உரத்த, அடிமரத்துலேர்ந்து தள்ளிப் போடச் சொல்லுங்க. ஆறு மாசத்துல பழையபடி தழைச்சு நிக்கும்.”

ஆறு மாதம். ஹெட்கிளார்க்கிடம் இருந்ததோ ஒன்பது நாள். ஆனால் அவசரக் கோப்பு என்றால் என்ன, அதை எப்படி நகர்த்துவது என்பது அவருக்குத் தெரியாததா? மாதத்துக்கு இரண்டு கை என்றால் ஆறு மாதத்துக்குப் பன்னிரண்டு கை. பன்னிரண்டையும் இன்றைக்கே போட்டுவிட்டால் மரம் ஆறு மாத வேலையை ஒன்பது நாளில் முடித்துத்தானே தீர வேண்டும்? சந்தேகத்துக்கு இடமின்றி இன்னும் ஒரு கை சேர்த்துப் போட்டார். அடிமரத்திலிருந்து தள்ளிப் போட்டால் போய்ச் சேரத் தாமதமாகும் என்று அடிமரத்தை ஒட்டியே போட்டார்.

இரண்டு நாளில், தப்பிப் பிழைத்திருந்த அந்த இரண்டு கிளைகளிலும் துளிர் விட்டிருந்த இலைகளின் ஓரம் கருகியது. மூன்றாம் நாள் இலை மொத்தமும் கருகியது. ஹெட்கிளார்க் உரக்கடைக்குப் போன் போட்டார்.

“பதிமூணு கையா?” உரக்கடைக்காரர் கத்தியது மதிலுக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்டது. “சார், அது மரம் சார்! உப்புக்கண்டமா போடறீங்க? உடனே வட்டமா வாய்க்கால் வெட்டி, தண்ணியக் கட்டி, உரத்தக் கழுவி விடுங்க.”

போனை வைத்த கையை எடுப்பதற்குள் அது மறுபடி அடித்தது. மனைவி.

“என்னங்க, மரம் எப்படி இருக்கு?”

“இருக்கு.” அது பொய்யில்லை. அன்றைக்கு மரம் இருந்தது.

“நான் வர்ற வரைக்கும் அத ஒன்னும் பண்ணாதீங்க, என்ன? உரம் கிரம் வைக்காதீங்க. தண்ணிகூட வேணாம். அது பாட்டுக்கு நிக்கட்டும்.”

“சரிம்மா.”

“குரல் என்னமோ மாதிரி இருக்கே?”

“மரத்தூள். தொண்டையில போயிடுச்சு.”

“பாவம்,” என்றாள் அவள். அந்த ஒரு சொல் அவரை அரித்துத் தின்றது. கத்தினாலும் தாங்கிக்கொள்ளலாம். இப்படிப் பாவப்பட்டால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆனாலும் உரத்தை அப்படியே விட முடியுமா? மண்வெட்டியை எடுத்து மரத்தைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினார். வெட்டும்போது குறுக்கே வந்த கயிறு மாதிரியான சமாச்சாரங்களையும் வெட்டி எறிந்தார். அவை வேர்கள் என்பது பாதி வட்டம் முடிந்த பிறகுதான் உறைத்தது. மீதிப் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். பிறகு குழாயைத் திறந்துவிட்டார். குழாய் பிடிப்பதில் மட்டும் அவருக்கு இருபத்தொன்பது வருட அனுபவம் உண்டு. ஒரு நாள் முழுக்க விடாமல் பிடித்தார்.

அடுத்த நாள் காலை மரம் சாய்ந்திருந்தது. டீச்சர் வீட்டுப் பக்கமாக.

துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மரத்தின் இடுப்பில் சுற்றி, இவர் இந்தப் பக்கம் இழுத்தார். கம்பமும் நின்றது அதே சேற்றில்தான். ஒரு நொடி மரமும் கம்பமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. பிறகு கம்பம் பிடுங்கிக்கொண்டு வந்தது. மரம் அவசரமே இல்லாமல், களைத்துப்போன ஆள் நாற்காலியில் சாய்வது போல, மதில்மேல் சாய்ந்தது. மதிலின் மேல்வரிசைச் செங்கல் இரண்டு அடுக்கு அந்தப் பக்கம் சரிந்தது. டீச்சரின் மிச்சத் தக்காளி நாற்றுக்கும் அதோடு கதை முடிந்தது.

சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார் ஹெட்கிளார்க். மேலதிகாரி முகத்தில் கோப்பை விட்டெறிந்தபோதுகூட அழாதவர் இப்போது அழுதார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

டீச்சர் வாசல் வழியாகச் சுற்றி வந்து, பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். நாற்றுக்காகச் சண்டை போடத்தான் கிளம்பி வந்தார். வந்த இடத்தில் போட முடியவில்லை.

“உண்மையச் சொல்லிடுங்க சார். திட்டினா திட்டிட்டுப் போறாங்க.”

“அவ திட்ட மாட்டா டீச்சர். திட்டினாத்தான் பரவாயில்லையே! ‘சரி, விடுங்க’ம்பா. அதுக்கப்புறம் என்னை எதுக்கும் கூப்பிட மாட்டா. குழாய் பிடிக்கக்கூடக் கூப்பிட மாட்டா. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, அவ வெயில்ல நிக்கறத நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு இருக்கணும். இன்னும் எத்தன வருஷமோ அப்படி.”

இலக்கணத்தில் இதற்கு விதி எதுவும் இல்லை.

“இன்னும் நாலு நாள் இருக்குல்ல?” என்றார் டீச்சர். “நாற்றுப்பண்ணையில பெரிய மரமே தொட்டியில வச்சு வளக்கறாங்களாம். ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்.”

மனைவி ஊரிலிருந்து வருவதற்குள் அதே மாதிரி மரம் வேண்டும் என்று கேட்டதும், நாற்றுப்பண்ணைக்காரர் ஒரு பேரிக்காய் மரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பெரிய சிமெண்டுத் தொட்டியில், ஒன்றரை ஆள் உயரத்தில், இலை துளிர்த்து, மொட்டு கட்டி நின்றது. ஹெட்கிளார்க்குக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“அச்சு அசல் உங்க மரமேதான் சார்.”

“எங்க மரம் இன்னும் கொஞ்சம் உயரமா இருக்கும்.”

“மண்ணுல இறங்கிடுச்சுன்னு சொல்லுங்க.”

“அடிமரமும் இன்னும் பருமன்.”

“அவங்களப் பிரிஞ்சு இருந்ததுல இளைச்சுடுச்சுன்னு சொல்லுங்க, போங்க. வேணுமா, வேணாமா?”

வெள்ளிக்கிழமை பண்ணை ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். பழைய மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து, வேரோடு கிளறி எடுத்து, வண்டியில் ஏற்றினார்கள். அது போன இடத்தில் ஒரு சுள்ளிகூட மிச்சம் வைக்க வேண்டாம் என்று ஹெட்கிளார்க் கூடவே நின்று பொறுக்கிக் கொடுத்தார். அதே குழியில் புது மரம் இறங்கியது. மதிலைக் கொத்தனார் பூசினார். கம்பத்தை நிமிர்த்தி நட்டார்கள். சேற்றின் மேல் புது மண் பரப்பினார்கள்.

சனிக்கிழமை காலை இலக்கண டீச்சரின் நேரடி மேற்பார்வையில், ஏணிமேல் ஏறி நின்று, வரிசை எண் ஏழை ஹெட்கிளார்க் மறுபடி ஆரம்பத்திலிருந்து நிறைவேற்றினார். இந்தத் தடவை ரம்பம் இல்லை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளினார். கொத்துக்கு ஒன்று இரண்டு விட்டார்.

“அந்தக் கொத்துல மூணு இருக்கு சார். ஒன்னக் கிள்ளுங்க.”

“கிள்ளிட்டேன் டீச்சர்.”

சாயங்காலம் டீச்சர் நாலடி பின்னால் போய் நின்று மரத்தை மேலும் கீழும் பார்த்தார். “இப்பத்தான் சார் வாக்கியம் சரியாச்சு,” என்றார்.

ஹெட்கிளார்க் நோட்டைத் திறந்தார். ‘மரம்’ என்பதன் பக்கத்தில் இருந்த கோட்டை அடித்துவிட்டு, அதை ‘மரத்தில்’ என்று திருத்தினார். பழைய டிக்குக்குப் பக்கத்தில் இன்னொரு டிக் போட்டார். நகக்கண்ணெல்லாம் பச்சைக் கறை. பன்னிரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் வண்டி வந்து நின்றது. மனைவி இறங்கினாள். கூடவே, தோளில் ஒரு தோல்பையை மாட்டிக்கொண்டு, அவள் தங்கை ஊர்க்காரர் ஒருவரும் இறங்கினார். அவள் கையில் ஈரச் சாக்கில் சுற்றிய நீளமான ஒரு மூட்டை. கைக்குழந்தையைக் கொடுப்பது போல அதைப் பதமாக அந்தத் தோல்பைக்காரரிடம் கொடுத்து, “நீங்க இப்படியே சந்து வழியாக் கொல்லைக்குப் போங்க. நான் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்,” என்றாள்.

யார் அந்த ஆள் என்றுகூட ஹெட்கிளார்க் கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு தண்ணீரை நீட்டினார்.

அவள் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன இப்படி இளைச்சுப்போயிட்டீங்க? கை எல்லாம் கொப்புளம்! இங்க வாங்க, காட்டுங்க.”

அவர் கையைக் காட்டினார். அவள் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கொப்புளமாகத் தடவினாள்.

“தங்கச்சிகிட்ட உங்களப் பத்தித்தான் பேச்சு. எம்மாம் பெரிய வேலை, சொன்ன மறுநாளே முடிச்சுட்டாரு, ஒத்த ஆளா, திருப்பி ஒரு கேள்வி கேக்கலன்னு. அவ நம்பவே மாட்டேங்கறா.” அவருடைய மறு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அந்தக் கேரட்டு விஷயத்துல நான் ரொம்பப் பண்ணிட்டேன்ல? போகட்டும். இனிமே தோட்டத்த ரெண்டு பேருமாப் பாத்துக்கலாம். எனக்கும் முன்ன மாதிரி குனிய நிமிர முடியல.”

ஹெட்கிளார்க்குக்குக் கண்ணில் நீர் முட்டியது. கொல்லையில் மரம் நிற்கிறது, இலையோடு நிற்கிறது, கொத்துக்கு ஒன்று இரண்டு மொட்டோடு நிற்கிறது. உயரம் கொஞ்சம் குறைச்சல்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவர் மூச்சை முழுசாக இழுத்து விட்டார்.

“வாங்க, போய்ப் பாக்கலாம்,” என்று அவர் கையைப் பிடித்தபடியே அவள் எழுந்தாள்.

அதற்குள் கொல்லைக் கதவில் அந்தத் தோல்பைக்காரர் வந்து நின்றார். ஒரு கையில் விரித்த ஒட்டுக் கத்தி, மறு கையில் சாக்கிலிருந்து உருவிய ஈரக் குச்சி. முகத்தில் ஒரே குழப்பம்.

“ஏம்மா, உங்க தங்கச்சி வீட்டு ரகத்த ஒட்டுக் கட்ட, பழைய மரத்த மொட்டையடிச்சு வச்சிருக்கறதாச் சொல்லித்தானே கூட்டியாந்தீங்க? அங்க மொட்டு வச்ச மரமில்ல நிக்குது!”